பனிவண்டிக்கு ஏற்றது இருவீச்சா, நால்வீச்சா?

1934ஆம் ஆண்டின் குளிர்காலம். கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்னும் சிற்றூர் பனியில் புதைந்து கிடந்தது. அவ்வூரில் மோட்டார்ப் பட்டறை வைத்திருந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியர் என்பவரின் இரண்டு வயது மகன் குடல்வால் நோயால் துடித்துக்கொண்டிருந்தான். மருத்துவமனையோ தொலைவில், சாலைகளோ பனிக்குள். பனிமேல் ஓடும் வண்டி ஒன்றைச் செய்து முடிக்கத் தந்தை பல ஆண்டுகளாக முயன்று வந்தார். ஆனால், வேண்டிய நாளில் ஓடத்தக்க வண்டி அவரிடம் இல்லை. குழந்தை இறந்தது.

பனிநாட்டில் வண்டியின் நம்பகம் என்பது எத்துணைப் பெரிய சொல் என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியே உணர்த்தும். வெப்ப நாட்டில் வண்டி நின்றுவிட்டால் நேரம் வீணாகும். சற்று நடந்தால் ஊர் வந்துவிடும். சுழிக்குக் கீழ் முப்பது டிகிரிக் குளிரில், ஆளரவமற்ற பனிவெளியில் வண்டி நின்றுவிட்டால் உயிருக்கே இறுதி நேரலாம். ஆதலின், பனிவண்டிக்கு எவ்வகை எஞ்சின் ஏற்றது என்னும் வினா பொழுதுபோக்குவோரின் வாதமாக மட்டும் அமைந்துவிடவில்லை. அவ்வினா எடை, செலவு, நம்பகம் ஆகிய மூன்றையும் ஒருசேர நிறுத்துப் பார்க்கச் சொல்கிறது.

பனிவண்டி பிறந்த வரலாறு

மகனை இழந்த பொம்பார்டியர் தம் முயற்சியைக் கைவிடவில்லை. 1937இல் பற்சக்கரமும் பட்டையும் கொண்டு பனிமேல் வண்டியை உந்தும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் ஏழு பேரும், பின்னர்ப் பன்னிருவரும் அமரத்தக்க பெரிய வண்டிகளை அவர் கட்டினார். அவை மருத்துவர்களையும் அஞ்சற் பைகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் பனிக்காலத்தில் சுமந்து சென்றன. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ரோசோ நகரில், 1956இல், பின்னாளில் போலாரிஸ் எனப் புகழ்பெற்ற நிறுவனத்தார் தங்கள் முதற் பனிவண்டியைச் செய்தனர். 1959இல் பொம்பார்டியர், ஓரிருவர் ஏறிச் செல்லும் சிறு வண்டியை ‘ஸ்கி-டூ’ என்னும் பெயரில் விற்பனைக்கு விடுத்தார். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சுழன்றோடும் ரப்பர்ப் பட்டை, இடையில் ஓர் எஞ்சின், அதன் பின் இருக்கை. இதுவே இன்றைய ஸ்னோமொபைல் எனப்படும் பனிவண்டியின் வடிவம். முதற் பருவத்தில் விற்றவை 225 வண்டிகளே.

இங்கே குறிப்பிடத்தக்க செய்தி ஒன்றுண்டு. அந்த முதல் ஸ்கி-டூவில் இருந்தது ஏழு குதிரைத்திறன் கொண்ட நால்வீச்சு எஞ்சின். நால்வீச்சு என்பது அண்மைக்காலப் புதுமை என்று கருதுவோர் பலர். உண்மையில் பனிவண்டி நால்வீச்சில் பிறந்து, இருவீச்சில் வளர்ந்து, மீண்டும் நால்வீச்சை நாடி, பின் திருத்தம் பெற்ற இருவீச்சையும் தழுவியிருக்கிறது. இத்தனை மாற்றங்களுக்கும் காரணம் அவ்வெஞ்சின்களின் அமைப்பிலேயே இருக்கிறது.

இருவகை எஞ்சின்களின் இயல்பு

பட்டறைகளில் ‘டூ ஸ்ட்ரோக்’, ‘ஃபோர் ஸ்ட்ரோக்’ என வழங்குபவையே இருவீச்சும் நால்வீச்சும். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒருமுறை மேலேறுவதோ கீழிறங்குவதோ ஒரு வீச்சு எனப்படும். நால்வீச்சு எஞ்சினில் முதல் வீச்சு எரிபொருட் கலவையை உறிஞ்சுகிறது. இரண்டாவது அதனை அழுத்துகிறது. மூன்றாவதில் கலவை எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. நான்காவது புகையை வெளியேற்றுகிறது. எனவே எஞ்சின் இருமுறை சுழன்றால்தான் ஒருமுறை ஆற்றல் பிறக்கும். வாயில்களைத் திறந்து மூட வால்வுகள் வேண்டும். வால்வுகளை இயக்கத் தண்டும் சங்கிலியும் வேண்டும். இவற்றை வழவழப்பாக வைத்திருக்க எண்ணெய்த் தொட்டியும் பம்பும் வேண்டும்.

இருவீச்சு எஞ்சினோ ஒவ்வொரு சுழற்சியிலும் ஒருமுறை ஆற்றலைத் தருகிறது. சிலிண்டரின் சுவரில் துளைகள் உள்ளன. மேலும் கீழும் செல்லும் பிஸ்டனே அத்துளைகளை மூடியும் திறந்தும் வால்வின் வேலையைச் செய்துவிடுகிறது. உறுப்புகள் குறைவு, ஆதலால் எடையும் குறைவு. ஆனால் இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. புகை வெளியேறும் அதே நேரத்தில் புதிய கலவை உள்ளே நுழைவதால், அதில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு சென்றுவிடும். பழைய கார்புரேட்டர் வகை எஞ்சின்களில் ஏறத்தாழக் கால் பங்கு எரிபொருள் இவ்வாறு வீணானதுண்டு. இதற்குத் தனி எண்ணெய்த் தொட்டி அமைப்பு இல்லாததால், வழவழப்புக்கு வேண்டிய எண்ணெயும் பெட்ரோலோடு சென்று எரிந்துவிடும். புல்வெட்டும் பொறியும் பழைய மோட்டார் சைக்கிளும் நீலப் புகை கக்குவதைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர்.

எடையின் கணக்கு

சாலையில் ஓடும் காருக்கு இருபது கிலோ கூடினாலும் குறைந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. பனிவண்டிக்கு அது பெரிய வேறுபாடு. புதுப்பனி கெட்டியான தரையன்று. அதன்மேல் வண்டி ஒருவாறு மிதந்துதான் செல்கிறது. எடை கூடினால் வண்டி அமிழும். அமிழ்ந்த வண்டியை வெளியே எடுப்பது ஓட்டுநரின் தோள்வலிமையைப் பொறுத்தது.

ஒரே நிறுவனத்தின் ஒரே வகை வண்டியில் இருவித எஞ்சின்களையும் வைத்து ஒப்பிட்டால் உண்மை விளங்கும். நேரடியாக எரிபொருள் செலுத்தும் இன்றைய 600 சி.சி. இருவீச்சு எஞ்சின் 120 குதிரைத்திறன் அளவுக்குத் தருகிறது. காற்றைத் திணித்து ஊட்டும் டர்போ அமைப்பு இல்லாத 900 சி.சி. நால்வீச்சு எஞ்சின் 90 முதல் 95 குதிரைத்திறனே தருகிறது. எரிபொருளும் எண்ணெயும் ஊற்றாத நிலையில் இருவீச்சு வண்டி ஏறத்தாழ 210 கிலோ. நால்வீச்சு வண்டி அதனினும் 20 கிலோ அளவில் கூடுதல். மிகுந்த ஆற்றலுக்காகச் செய்யப்பட்ட பெரிய நால்வீச்சு வண்டிகளில் இந்த வேறுபாடு 50 கிலோவையும் கடந்துவிடும்.

எடை எவ்வளவு என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் கருதத்தக்கது. எஞ்சின் வண்டியின் முன்புறம் இருப்பதால், கூடுதல் எடை முழுவதும் சறுக்குக் கட்டைகளின்மேல் அழுந்துகிறது. அழுத்திச் சமன்செய்த தடத்தில் இது நன்மையாகவும் அமையும். வண்டி நிலைத்து ஓடும். ஆழ்ந்த பனியிலோ வண்டியின் மூக்கு கீழே புதையும்.

மலைநாட்டில் இன்னோர் இடரும் சேர்கிறது. கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். எஞ்சினின் ஆற்றலும் அதே அளவில் குறையும். டர்போ இவ்விழப்பை ஈடுசெய்யும். எனினும் அதுவும் எடையும் விலையும் உடையதே. ராக்கி மலைத்தொடரின் ஆழ்பனியில் ஏறுவோர் பெரும்பாலும் இருவீச்சையே விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

நம்பகம் என்பது யாது?

நால்வீச்சே நம்பகமானது என்று ஒரு சாரார் கூறுவர். இருவீச்சே என மறுசாரார் வாதிடுவர். இருவர் கூற்றிலும் உண்மை இருக்கிறது. ஏனெனில் நம்பகம் என்னும் ஒரு சொல்லுக்குள் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. எஞ்சின் எத்தனை நாளைக்கு ஒருமுறை பழுதாகும் என்பது ஒன்று. பழுதானபின், நின்ற இடத்தில் என்ன செய்ய முடியும் என்பது மற்றொன்று.

முதல் வினாவுக்கு நால்வீச்சு நல்ல விடை தருகிறது. அதன் உறுப்புகள் எண்ணெயில் குளித்தபடியே இயங்குகின்றன; சுழற்சி வேகமும் பல வகைகளில் குறைவு. நன்கு பேணப்பட்ட நால்வீச்சு எஞ்சின் 30,000 கிலோமீட்டர் ஓடியும் திறக்கப்படாமல் இருப்பதுண்டு. இருவீச்சு எஞ்சினிலோ 10,000 கிலோமீட்டரைத் தாண்டினால், பிஸ்டனையும் வளையங்களையும் பார்க்கும் காலம் நெருங்கியதாகப் பலரும் கருதுவர்.

மேலும், பழைய இருவீச்சு எஞ்சின் குளிரோடு நேரடியாகப் போராட வேண்டியிருந்தது. சுழிக்குக் கீழ் முப்பது டிகிரியில் காற்று, இதமான பருவத்துக் காற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி மிக்கது. கார்புரேட்டர் அதனை அறியாது. பழைய அளவிலேயே பெட்ரோலை விடும். காற்று மிகுந்து பெட்ரோல் குறையவே, எரிப்பின் வெப்பம் ஏறும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். எனவே வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும்போது பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழுவதும் உண்டு. இதைத் தவிர்க்க, குளிருக்கேற்பக் கார்புரேட்டரின் துளையை மாற்றும் வழக்கம் இருந்தது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய உடனே விரைந்து ஓட்டினால் வேறொரு தீங்கு நேரும். பிஸ்டன் விரைவில் சூடேறி விரியும். சிலிண்டரோ இன்னும் குளிர்ந்து சுருங்கியே இருக்கும். இரண்டும் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

நால்வீச்சுக்கும் குளிரால் தொல்லை இல்லாமலில்லை. அதன் எண்ணெய் குளிரில் தடித்துவிடும்; எஞ்சினைச் சுழற்றப் பாட்டரிக்கு மிகுந்த வலு வேண்டும்; அந்தப் பாட்டரியோ குளிரில் வலு குன்றும். குறுந்தொலைவே ஓட்டி நிறுத்தும் வழக்கமுள்ளோர் வண்டியில், எரியாத பெட்ரோலும் நீர்த்துளிகளும் எண்ணெயில் கலந்து அதனைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது வினாவுக்கு இருவீச்சு நல்ல விடை தந்தது. பழைய சிறு இருவீச்சு எஞ்சினைக் கயிற்றை இழுத்தே கிளப்பலாம், பாட்டரி தேவையில்லை. ஒரு ஸ்பார்க் பிளக்கும் இரண்டு கருவிகளும் கையிலிருந்தால் பல பழுதுகளைப் பனிவெளியிலேயே நீக்கிவிடலாம். 1968ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மினசோட்டாவைச் சேர்ந்த ரால்ஃப் பிளேஸ்டெட் என்பவர் தம் குழுவினருடன் வடதுருவத்தை அடைந்தார். உறைகடலின்மேல் அவர்களைச் சுமந்து சென்றவை இருவீச்சு எஞ்சின் கொண்ட ஸ்கி-டூக்களே. 1971 முதல் கால் நூற்றாண்டுக் காலம் செய்யப்பட்ட ‘ஈலான்’ என்னும் எளிய இருவீச்சு வண்டி, வட கனடாவின் வேட்டைக்காரரிடையே பெருவழக்காய் இருந்தது. அதில் ஆடம்பரம் இல்லை; வேகமும் பெரிதில்லை. ஆனால் உறைந்த ஏரியின் நடுவிலும் அதைத் திறந்து செப்பனிட முடிந்தது. புதைந்துவிட்டால் தூக்கவும் முடிந்தது. எடைக் குறைவும் நம்பகத்தின் ஒரு கூறே என்பதை இவ்வண்டி காட்டியது.

புகை எழுப்பிய வழக்கு

இவ்வாறு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தனியாட்சி செய்த இருவீச்சை அசைத்தது அதன் புகையே. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் குளிர்காலத்தில் பனிவண்டிகள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. நுழைவாயிற் கூண்டுகளில் பணியாற்றிய காவலர்க்குத் தூய காற்றைக் குழாய்வழி செலுத்த வேண்டியதாயிற்று. சிலர் முகமூடி அணிந்தும் பணிபுரிந்தனர். தடை விதிப்பதும் அதனை நீக்குவதுமாக வழக்குகள் பல நடந்தன. இறுதியில், 2004ஆம் ஆண்டின் குளிர்காலம் முதல், வழிகாட்டியுடன், குறித்த எண்ணிக்கையில், புகையும் ஒலியும் குறைந்த வண்டிகளையே அனுமதிக்கும் முறை ஏற்பட்டது. அத்தகுதி பெற்றவை பெரும்பாலும் நால்வீச்சு வண்டிகளே. 2002இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையும் பனிவண்டிகளின் புகைக்கு வரம்பு விதித்தது. 2006ஆம் ஆண்டின் வண்டிகள் முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இதே காலத்தில் ஜப்பானிய யமஹா நிறுவனம் தன் மோட்டார் சைக்கிள் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு ‘ஆர்எக்ஸ்-1’ என்னும் ஆற்றல்மிக்க நால்வீச்சுப் பனிவண்டியை 2002இல் வெளியிட்டது. நால்வீச்சு மந்தமானது என்ற பழைய எண்ணத்தை அது மாற்றியது. இருவீச்சின் காலம் முடிந்ததென்றே பலர் எழுதினர்.

ஆனால் முடியவில்லை. 2008இன் இறுதியில், நேரடி எரிபொருள் செலுத்தம் பெற்ற இருவீச்சு எஞ்சின் ஸ்கி-டூவில் வந்தது. இதில் சிலிண்டருக்குள் முதலில் வெறுங் காற்றே நுழைகிறது. புகைத்துளை மூடும் தறுவாயில்தான் பெட்ரோல் நுண்துளிகளாய்ப் பீச்சப்படுகிறது. எனவே எரியாமல் ஓடிப்போகும் எரிபொருள் மிகக் குறைந்தது, புகை குறைந்தது, எண்ணெய்ச் செலவும் குறைந்தது. குளிருக்கேற்ற கலவையைக் கணிப்பொறியே அளந்து விடுவதால், பிஸ்டன் உருகும் அச்சமும் பெரிதும் நீங்கியது. ஆயினும் ஓர் இழப்பும் நேர்ந்தது. கயிறும் பிளக்கும் போதும் என்றிருந்த பழைய எளிமை போய்விட்டது. மின்னணுக் கருவி செயலிழந்தால், இருவீச்சு வண்டியும் நால்வீச்சைப் போலவே பட்டறையைத் தேடி நிற்கும்.

நால்வீச்சையே முதன்மையாக நம்பி நின்ற யமஹா, 2023இல், பனிவண்டித் தொழிலை விட்டு விலகப் போவதாக அறிவித்தது. 2025ஆம் ஆண்டுக்குரிய வண்டிகளே அதன் கடைசி வண்டிகள். இதனை நால்வீச்சின் தோல்வியெனக் கொள்ளுதல் பொருந்தாது. வேறு நிறுவனங்கள் நால்வீச்சு வண்டிகளைத் தொடர்ந்து செய்தே வந்தன.

செலவு

புதிய பனிவண்டியின் விலை இன்று பத்தாயிரம் அமெரிக்க டாலரை எளிதில் தாண்டிவிடும். ஏறத்தாழ ஒத்த தரமுடைய வண்டிகளில் எது மலிவு என்பது ஆண்டுக்கும் நிறுவனத்துக்கும் ஏற்ப மாறும். ஆதலின் வாங்கும் விலையைவிட ஓட்டும் செலவைக் கணக்கிடுதலே பயன்தரும்.

பழைய கார்புரேட்டர் இருவீச்சு வண்டி லிட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டரும், நேரடிச் செலுத்த இருவீச்சு 8 கிலோமீட்டரும், சிறிய நால்வீச்சு 10 கிலோமீட்டரும் ஓடும் எனக் கொள்வோம். ஒருவர் ஒரு பருவத்தில் 2,000 கிலோமீட்டர் ஓட்டினால், முதல் வண்டிக்கு 400 லிட்டரும், இரண்டாவதற்கு 250 லிட்டரும், மூன்றாவதற்கு 200 லிட்டரும் பெட்ரோல் செலவாகும். ஐம்பதுக்கு ஒன்று என்னும் அளவில் எண்ணெய் கலந்தால், முதல் வண்டி 8 லிட்டர் எண்ணெயையும் எரித்துவிடும். நால்வீச்சுக்கோ ஆண்டுக்கொரு முறை சில லிட்டர் எண்ணெய் மாற்றினால் போதும்.

பழைய இருவீச்சோடு ஒப்பிட்டால் நால்வீச்சின் சிக்கனம் பெரிது. புதிய இருவீச்சோடு ஒப்பிட்டாலோ பருவத்துக்கு 50 லிட்டர் பெட்ரோலும் சிறிது எண்ணெயுமே மிச்சம். வார இறுதியில் மட்டும் ஓட்டுபவர்க்கு இது பெரிய தொகையன்று. நாள்தோறும் பல மணி நேரம் ஓடும் வாடகை வண்டிக்கு இதே மிச்சம் பன்மடங்காகும். பழுதுச் செலவிலும் இத்தகைய வேறுபாடே உண்டு. இருவீச்சு எஞ்சினைத் திறந்து பிஸ்டன் மாற்றுவது அடிக்கடி வரும் சிறு செலவு. நால்வீச்சு எஞ்சின் கெடுவது அரிது. கெட்டால் செலவு பெரிது.

செலவின் சுமை எவ்வளவு ஆழமானது என்பதற்குப் பின்லாந்தின் வடகோடியில் வாழும் ஸ்கோல்ட் சாமி மக்களின் வரலாறு சான்று. கலைமான் மேய்ப்பதே அவர்கள் தொழில். 1960களில் பனிவண்டி அங்கே புகுந்து, பத்தாண்டுக்குள் மேய்ச்சல் முறையையே மாற்றிவிட்டதை மானிடவியல் அறிஞர் பெர்ட்டி பெல்ட்டோ 1973இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். முன்பு வண்டியிழுத்த கலைமானுக்குத் தீனி காட்டிலேயே கிடைத்தது. வண்டிக்கோ பெட்ரோலும் உறுப்புகளும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அக்காசு இல்லாதவர் தொழிலில் பின்தங்கினர். அத்தகையோர்க்கு ஒரு லிட்டர் பெட்ரோலும் ஒரு பிஸ்டனும் வாழ்க்கைக் கணக்கில் வரும் பொருள்கள்.

முடிவு

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், எல்லார்க்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை என்பது புலனாகும். ஆழ்பனி மலையில் ஏறுவோர்க்கு எடையே முதன்மை. அவர்க்கு இருவீச்சு ஏற்றது. சமன்செய்த தடங்களில் நெடுந்தொலைவு செல்வோர்க்கும், வாடகைக்கு விடுவோர்க்கும், சுமையிழுக்கும் பணியாளர்க்கும் நால்வீச்சின் நீடித்த உழைப்பும் சிக்கனமும் ஏற்றவை. பட்டறையிலிருந்து நெடுந்தொலைவில் தனித்துச் செல்வோர், எந்த எஞ்சின் குறைவாகப் பழுதாகும் என்று கேட்பதோடு நில்லாமல், பழுதானால் தம் கையால் எதைச் சீர்செய்ய இயலும் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இருவகை வண்டிகளிலும் எஞ்சினின் ஆற்றலைக் கடத்துவது ஒரு ரப்பர் வார். அது அறுந்தால் எத்தகைய எஞ்சினும் வண்டியை நகர்த்தாது. தேர்ந்த ஓட்டுநர் மாற்று வார் ஒன்றை எப்போதும் உடன் கொண்டு செல்வதன் காரணம் அதுவே.

வால்கூர்ப் பட்டறையில் அன்று முடிவுறாதிருந்த வண்டி இருவீச்சா நால்வீச்சா என்று எவரும் கேட்கப் போவதில்லை. வேண்டிய பொழுதில் அது ஓடவில்லை என்பதே வரலாறு. பனிநாட்டில் ஓர் எஞ்சினின் உண்மையான மதிப்பு, குதிரைத்திறனையும் விலையையும் கடந்து, அந்த ஒரு பொழுதில் அது ஓடுமா என்பதில்தான் இருக்கிறது.